அடங்காப் பிள்ளைகள் - சில வரலாற்றுக் குறிப்புகள்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். செட்டிப்பெண் இரத்தினாவதிக்குப் பேறுகாலம் நெருங்கிய வேளையில், காவிரியின் வெள்ளம் தாயை அக்கரையிலேயே நிறுத்திவிட, இறைவனே தாயின் உருவில் வந்து மருத்துவம் பார்த்தார் என்பது தலபுராணம். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்ததும், வந்தவர் மறைந்தார். செட்டிப்பெண் மருத்துவம் என்ற பெயரில் இன்றும் அது ஆண்டுதோறும் விழாவாக நிகழ்கிறது. தாய் இல்லாத இடத்தில் தாயாக நிற்பது என்னும் வேலைக்கு இந்த ஊர் ஒரு தெய்வத்தையே வைத்திருக்கிறது. அந்த வேலையை இந்த ஊரிலும் இதைச் சுற்றியுள்ள நாட்டிலும் மனிதர்கள் எவ்வாறு செய்தார்கள், எவ்வாறு செய்யத் தவறினார்கள் என்பதே நாம் இங்கு பேச எடுத்துக்கொண்ட பொருள். அதிலும், 'அடங்காத பிள்ளை', 'முரட்டுப் பிள்ளை', 'உருப்படாதது' என்று பள்ளிகளும் விடுதிகளும் பெயர் சூட்டிய பிள்ளைகள் பற்றியே இக்குறிப்புகள்.

*

நமக்குத் தெரிந்தவரை இவ்வூரின் உறைவிடப் பராமரிப்பு வரலாறு ஒரு வெடிவிபத்தோடு பிணைந்திருக்கிறது. தரங்கம்பாடியிலிருந்து 1762இல் முதன்முறையாகத் திருச்சிக்கு வந்தவர் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர். கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டபோது, ஆதரவற்றுப் போன படைவீரர்களின் பிள்ளைகளுக்காக அவர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். கோட்டைக்குள் இன்றும் நிற்கும் கிறிஸ்து ஆலயம் 1766இல் அவர் கட்டி முடித்தது. குண்டு வெடித்த சத்தத்தைக் கேட்டு, தகப்பனைப் பறிகொடுத்து வந்த பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்து எழுத்துக் கூட்டியிருப்பார்கள் என்று நாம் எண்ண வேண்டியதில்லை.

ஆனால் சுவார்ட்ஸ் வளர்த்த பிள்ளைகளுள் வரலாறு நன்கறிந்தவர் ஓர் அநாதையல்லர், அரசிளங்குமரர். தஞ்சை மன்னர் துளஜா 1787இல் தத்தெடுத்த சரபோஜிக்கு அப்போது பத்து வயது. சிறிய தந்தை முறையினரான அமர்சிங் ஆட்சியைக் கைக்கொண்டபின், வெளிச்சம் புகாத அறையில், கல்வி மறுக்கப்பட்டு அச்சிறுவன் அடைத்து வைக்கப்பட்டான். சுவார்ட்ஸ் கும்பினியாரிடம் மன்றாடி அவனை வெளியே கொணர்ந்து, 1793இல் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். 1798இல் சுவார்ட்ஸ் மறைந்தார். அதே ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார். தஞ்சைத் தேவாலயத்தில் பிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பத்தில், மரணப் படுக்கையிலிருக்கும் முதியவரின் கையைப் பிடித்து நிற்கும் சரபோஜியைக் காணலாம். சரஸ்வதி மகாலைப் பார்க்கப் போகும் நம் நண்பர்கள் பலர் இந்தச் சிற்பத்தைப் பார்க்காமலே திரும்பி விடுகிறார்கள் என்பது நமது நெடுநாளைய மனக்குறை.

இனி வருவதுதான் நமக்கு முக்கியம். 1801இல் சத்திரங்களின் வருவாயைக் கும்பினி எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வேண்டி, தஞ்சை ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டாரினுக்குச் சரபோஜி ஒரு கடிதம் எழுதினார். அதில் சத்திரங்களில் வளரும் அநாதைப் பிள்ளைகளைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. வழிப்போக்கராக வந்து இறந்தவர்களின் பிள்ளைகள் பள்ளி ஆசிரியரின் பொறுப்பில் விடப்படுகிறார்கள், நாளைக்கு மூன்று வேளை உணவு, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், நோய் வந்தால் மருந்து, உடுக்கத் துணி. அவர்கள் எந்தக் கலையில் விருப்பம் தெரிவிக்கிறார்களோ அதிலே பயிற்றப்படுகிறார்கள். தேர்ச்சி பெற்றபின் அவர்களுடைய திருமணச் செலவையும் சத்திரமே ஏற்கிறது. கடிதத்தின் சாரம் இது.

இன்றைய அரசாணை ஒன்றை எடுத்து இதனருகே வைத்துப் படித்துப் பாருங்கள். உணவு, உடை, மருந்து இவையெல்லாம் எல்லா ஆணைகளிலும் உண்டு. நான்கு நாளுக்கொரு எண்ணெய்க் குளியல் என்பதில்தான் நாம் நின்றுவிடுகிறோம். எண்ணெய் தேய்ப்பதற்கு ஒரு கை வேண்டும். அந்தக் கை பிள்ளையின் தலையைத் தொட வேண்டும். பிள்ளை 'விருப்பம் தெரிவிக்கிற' கலை என்பதும் அப்படியே. பிள்ளையைக் கேட்காமல் அது நடவாது. இருட்டறையில் அடைபட்டிருந்த ஒரு சிறுவன் வளர்ந்து எழுதிய கடிதம் இது என்பதை மறந்து இதனைப் படிக்க நம்மால் இயலவில்லை. மன்னர் தம் சத்திரங்களைக் காப்பாற்றிக்கொள்ளச் சற்றே மெருகேற்றி எழுதியிருக்கலாம் என்று ஒருவர் சொன்னால் அதையும் மறுக்க மாட்டோம். அப்படியானாலும், பிள்ளை வளர்ப்பில் எது பெருமை என்று அவர் கருதினார் என்பதற்கு அந்த மெருகே சான்று.

*

சரபோஜி சென்னைக்குப் படிக்கப் போன காலத்தில் அங்கே இன்னொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. 1789இல் சென்னை ஆண் அநாதை விடுதியின் மேற்பார்வையை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், அங்கிருந்த பிள்ளைகளோடு திணறிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் இந்தியத் தாய்மாருக்கும் பிறந்தவர்கள் அவர்கள். 'இவர்கள் பிறப்பிலேயே மந்தம், முரடு' என்பது அக்காலத்து வெள்ளையர் பேச்சு. ஆசிரியர்களும் அதையே சொல்லிப் பிரம்பை நம்பினர். ஒருநாள் பெல், ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் விடுதியில் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் மறுத்தனர். எனவே எட்டு வயதுச் சிறுவனான ஜான் பிரிஸ்கன் என்பவனிடம் சின்னப் பிள்ளைகளின் வகுப்பை ஒப்படைத்தார். அது பலித்தது. 1797இல் பெல் வெளியிட்ட சிறுநூல் வழியாக, 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது.

நமக்கு அது புதிதன்று. நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைதான் கப்பலேறிப் போனான்! ஆனால் பெல் சட்டாம்பிள்ளையை எடுத்துக்கொண்டபோது, திண்ணைப் பள்ளியின் தண்டனைகளை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் விடுதியில் குற்றங்கள் ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டு, வாரத்துக்கொருமுறை எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்பட்டன. பிள்ளைகளே நடுவராயிருந்து தீர்ப்புச் சொன்னார்கள். அடி மிக அருகியது என்பது பெல்லின் கூற்று.

திண்ணைப் பள்ளியின் தண்டனைகளைப் பற்றி நாம் ஏக்கப் பெருமூச்சு விடுவது தகாது. 'அந்தக் காலத்து வாத்தியார்' என்று கண் கலங்கும் நண்பர்களுக்காக இதைச் சொல்கிறோம். உத்திரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம், கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டும் அண்ணாந்தாள், முழங்கால் போடுதல், குட்டு, கிள்ளு என அந்தப் பட்டியல் நீளும். பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823இல் எழுதிய அறிக்கை, காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள் என்றும், இரண்டாவது பிள்ளைக்குச் சுழி, மூன்றாவது பிள்ளைக்கு மெல்ல ஓர் அடி, அடுத்தடுத்து வருவோர்க்கு ஓர் அடி கூடிக்கொண்டே போகும் என்றும் கூறுகிறது. கடைசியாக வரும் பிள்ளை எப்போதும் ஒரே பிள்ளையாகத்தான் இருந்திருப்பான் என்று நமக்குத் தோன்றுகிறது. அவன் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க அந்தக் கணக்கில் இடமில்லை.

இதே மரபின் உள்ளேயே வேறொன்றும் இருந்தது. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் (1815-1876) வீடு ஓர் உறைவிடப் பள்ளிதான். மாணாக்கர்கள் அங்கேயே தங்கினார்கள், அவருடனே ஊர் ஊராகப் போனார்கள். 1871இல் மாயூரத்தில் அவரிடம் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், ஆசிரியரின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதியிருக்கிறார். அதில் நாம் காணும் பிள்ளையவர்கள், கையில் பணம் இல்லாதபோதும் மாணாக்கர் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர். கடிந்து பேசத் தெரியாதவர். அங்கே வந்தவர்கள் தமிழ் வேட்கையோடு வந்தவர்கள், அடங்காப் பிள்ளைகளல்லரே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனாலும் தமிழில் 'ஆசிரியர்' என்ற சொல்லுக்கு முன்னுதாரணம் தேடுகிறவர்கள் பிரம்பைத் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும் என்பதில்லை.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசாங்கம் இந்த வேலைக்குள் நுழைகிறது. 1876இல் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம் வந்தது. 1887இல் செங்கல்பட்டில், பழைய விஜயநகரக் கோட்டைக்குள், சென்னை மாகாணத்தின் சீர்திருத்தப் பள்ளி திறக்கப்பட்டது. பிள்ளைகளைத் திருத்த அகழியும் மதிலும் உள்ள இடத்தைத் தேர்ந்தார்கள் என்பது அக்காலத்து மனநிலையை நன்றாகவே காட்டுகிறது. தச்சு, தையல், நெசவு போன்ற தொழில்களைக் கற்பித்தார்கள்.

குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமை இன்னொரு படி மேலே போயிற்று. 1897இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தம், குற்றப் பரம்பரை என்று முத்திரையிடப்பட்ட சாதிகளின் நான்கு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிக் குடியிருப்புகளில் வைக்க அதிகாரம் தந்தது. நான்கு வயதுப் பிள்ளையிடம் என்ன குற்றத்தைக் கண்டார்கள்! பிறந்ததுதான். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இலும், நாடு முழுமைக்கும் 1952இலும் நீங்கியது. நீங்கிய சட்டம் பள்ளிக்கூட ஆசிரியர் அறைகளின் பேச்சிலிருந்தும் நீங்கிவிட்டதா என்பதை, அந்த அறைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ற முறையில் நாம் அறிவோம். 'அவன் எந்தத் தெருப் பையன் தெரியுமா?' என்ற கேள்வியைக் கேட்காத ஆசிரியர் அறை ஒன்றை நாம் இன்னும் காணவில்லை.

இந்தியாவிலேயே முதல் சிறுவர் சட்டம் 1920இல் சென்னையில் இயற்றப்பட்டது. வங்கமும் பம்பாயும் முறையே 1922, 1924இல் பின்தொடர்ந்தன. குற்றம் செய்த பிள்ளையைப் போலவே, ஆதரவற்ற பிள்ளையும் இச்சட்டத்தின் பார்வைக்குள் வந்தான். இருவரும் ஒரே பிள்ளைதான், காலம்தான் வேறு என்ற அறிவு அதற்குள் இருந்தது. ஆனால் சிறுவர்களுக்குக் கசையடி விதிக்கும் சட்டம் 1955 வரை நீடித்தது.

சொற்களைக் கவனிப்பது நம் தொழில் ஆதலால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். 1986ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தில் 'அடக்கவியலாச் சிறார்' என்ற பொருளில் ஒரு தலைப்பே உண்டு. பெற்றோர் 'என்னால் இவனைக் கட்டுப்படுத்த முடியவில்லை' என்று முறையிட்டால், விசாரித்து இல்லத்துக்கு அனுப்பலாம். 2000ஆம் ஆண்டின் சட்டத்தில் அந்தச் சொல் போய்விட்டது. அதற்குப் பதிலாக, கட்டுப்படுத்தத் தகுதியற்ற அல்லது இயலாத பெற்றோரை உடைய பிள்ளை, பராமரிப்பும் பாதுகாப்பும் வேண்டும் பிள்ளைகளுள் ஒருவனாக எண்ணப்படுகிறான். ஒரே நிலைமைதான், ஆனால் 'இயலாமை' பிள்ளையின் தோளிலிருந்து இறங்கிப் பெரியவர் தோளில் ஏறிவிட்டது. பதினான்கு ஆண்டுகளில் ஓர் அடைமொழி இடம் மாறியதை நாம் சிறிய செய்தியாகக் கருதவில்லை. 2015ஆம் ஆண்டின் சட்டம், கொடுங்குற்றம் சாட்டப்பட்ட பதினாறு முதல் பதினெட்டு வயது வரையிலானோரை வயது வந்தோராக விசாரிக்க வழிசெய்து, இந்த நகர்வில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்துக்கொண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

*

வெளிநாட்டுச் செய்தி இரண்டு. வியன்னாவைச் சேர்ந்த ஆகஸ்ட் ஐக்கார்ன், முதல் உலகப்போர் முடிந்த 1918இல் ஓபர்ஹொல்லாபுருன் என்ற ஊரில் பிள்ளைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே எவராலும் சமாளிக்க முடியாத பன்னிரண்டு முரட்டுப் பையன்களை ஒரு குழுவாக்கி, பணியாளர்களிடம், கூடுமானவரை தலையிடாதீர்கள், திருப்பி அடிக்காதீர்கள், அன்பு மாறாமல் இருங்கள் என்றார். மேசை, நாற்காலி, கண்ணாடி எல்லாம் உடைந்தன. முரட்டுத்தனம் உச்சிக்குப் போனது. பிறகு, அடி விழும் என்று எதிர்பார்த்து அது விழாமல் போன பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். மெல்ல மெல்லப் பணியாளர்களிடம் ஒட்டிக்கொண்டார்கள். 1925இல் அவர் எழுதிய நூலுக்கு பிராய்டு முன்னுரை தந்தார்.

இரண்டாவது, லண்டனில் ஜான் பௌல்பி 1944இல் வெளியிட்ட ஆய்வு. சிறுவர் வழிகாட்டு மருத்துவமனைக்கு வந்த நாற்பத்து நான்கு இளந்திருடர்களின் வரலாறுகளை அவர் தொகுத்தார். அவர்களுள் யாரிடமும் பாசமற்றவர்கள் என்று அவர் வகைப்படுத்தியவர்கள் பதினால்வர். அந்தப் பதினால்வரில் பன்னிருவர் சிறுவயதில் தாயிடமிருந்தோ தாய் போன்றவரிடமிருந்தோ நெடுங்காலம் பிரிந்திருந்தவர்கள். அவருடைய முடிவுகளைப் பின்வந்தோர் பலவாறு திருத்தியிருக்கிறார்கள். தந்தை, பாட்டி, தாதி என யார் நிலையாக நின்றாலும் பிள்ளை வளரும் என்று இன்று சொல்கிறார்கள். தாயுமானவர் ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பொன்றுமில்லை.

காவிரியைத் தாண்டித் திருவரங்கத்துக்கு வருவோம். மார்கழிப் பகல்பத்தில் பெரியாழ்வார் திருமொழி ஒலிக்கக் கேட்டவர்கள், ஆயர்பாடிப் பெண்கள் அசோதையிடம் வந்து முறையிடும் பகுதியை நினைவுகூரலாம். வெண்ணெய் போயிற்று, பாத்திரம் உடைந்தது, பிள்ளைகள் அழுகிறார்கள். எல்லாக் குற்றமும் சொல்லிவிட்டு அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: உன் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள். யாரும் தண்டிக்கச் சொல்லவில்லை. அசோதை உரலில் கட்டிப்போட்டதும் உண்டு. ஆனால் அந்தக் காட்சியை எண்ணி நம்மாழ்வார் ஆறு மாதம் மயங்கிக் கிடந்தார் என்கிறது வைணவ மரபு. கட்டப்பட்ட பிள்ளைக்காக ஒருவர் மயங்கி விழுந்த மரபில் வந்தவர்கள் நாம்.

சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' படித்தவர்களுக்கு, இந்தத் தெருக்கள் ஒட்டாத மனிதர்களை எப்படி ஒட்டவைத்துக் கொண்டிருந்தன என்பது தெரியும். எள்ளலும் உண்டு, இடமும் உண்டு. வீதிகள் மாடிவீடுகளான பின்பு அந்த இடம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

*

இங்கே நம் சொந்தக் கணக்கு ஒன்றையும் வைத்துவிடுகிறோம். 2002இல், கல்லூரிப் பணி கிடைக்கும்முன், நகரை ஒட்டிய ஓர் உறைவிடப் பள்ளியில் ஓராண்டு தமிழாசிரியராகவும் விடுதிக் காப்பாளராகவும் இருந்தோம். எட்டாம் வகுப்பில் ஒரு பையன். கட்டிலைத் தள்ளுவான், பிறர் பெட்டியைத் திறப்பான், இரவில் உறங்கமாட்டான். காலை வழிபாட்டில் எல்லோர் முன்னிலையிலும் அவன் அடிபட்டான். அன்று மாலையே சுவரேறிப் போய்விட்டான். இரண்டாம் நாள் அம்மாமண்டபப் படித்துறையில், திதி கொடுக்க வந்தவர்களின் நடுவே உட்கார்ந்திருந்தவனைக் கண்டுபிடித்தோம். நிர்வாகம் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்ப முடிவு செய்தது. காப்பாளர் என்ற முறையில் நாமும் கையெழுத்திட்டோம். அழைத்துப்போக வந்த அவன் அத்தை, கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு சொன்னார்: "அவங்க அம்மா போயி பத்து மாசந்தான் ஆவுது சார். அதுக்கப்புறந்தான் இப்பிடி ஆயிட்டான்."

விடுதிச் சேர்க்கை விண்ணப்பத்தில் தாயின் பெயர் இருந்தது. உயிருடன் இருக்கிறாரா என்ற கேள்வி இல்லை. நாமும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு, 2003இல், தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி திருத்தப்பட்டு உடல் தண்டனை தடை செய்யப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடுத்தது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்றது. பிரம்பு போனது நல்லதே. ஆனால் பிரம்பு இருந்த இடத்தில் என்ன வைப்பது என்று ஆசிரியர்க்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஆதலால் ஒன்பதாம் வகுப்பு வரும்வரை காத்திருந்து, பெற்றோரைக் கூப்பிட்டு, 'நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்' என்று சொல்லும் கலை வளர்ந்திருக்கிறது. அறுபது பேர் உட்காரும் வகுப்பில் ஒரு பிள்ளையோடு அரைமணி நேரம் தனியே பேச ஆசிரியர்க்கு ஏது வேளை என்ற பதிலை நாம் பொய்யென்று சொல்ல மாட்டோம். உளவியல் ஆலோசகர் இல்லாத பள்ளியில் அந்த வேலை தமிழாசிரியர் தலையிலோ, உடற்கல்வி ஆசிரியர் தலையிலோதான் விழுகிறது. உடற்கல்வி ஆசிரியர்கள் நம்மைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்பது நம் அனுபவம். பந்து ஒன்று கையில் இருப்பது காரணமாகலாம்.

இல்லங்களின் நிலை இன்னும் கடினமானது. 2022 டிசம்பர் கடைசி நாளில், அதே செங்கல்பட்டில், கூர்நோக்கு இல்லத்தில் இருந்த பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். தாக்கப்பட்டு இறந்தான் என்ற வழக்கில் இல்லப் பணியாளர்கள் கைதாயினர். இதனையடுத்துத் தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அமர்த்தியது. 2023 நவம்பரில் அவர் அறிக்கை அளித்தார். இவ்வில்லங்களுக்கெனத் தனித் துறை வேண்டும், சிறைச் சாயல் நீங்கி வீட்டுச் சாயல் வர வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளின் திசை. சந்துரு திருவரங்கத்தில் பிறந்தவர் என்பதை உள்ளூர்ப் பெருமைக்காகவே இங்குச் சேர்க்கிறோம்.

திருச்சி நகருக்குள்ளும் ஒரு கூர்நோக்கு இல்லம் உண்டு. மலைக்கோட்டை உச்சியில் நின்று கீழே பார்க்கும் சுற்றுலாக்காரர்கள் எவரும் அது எங்கே என்று கேட்பதில்லை. நாமும் இந்தக் கட்டுரைக்காகத்தான் முதன்முறையாக அந்தச் சுவரோரம் நடந்தோம். உள்ளே பையன்கள் ஏதோ விளையாடும் சத்தம் கேட்டது. நான்கு நாளுக்கொருமுறை யாராவது அவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறார்களா என்று வாயிற்காவலரிடம் கேட்க நினைத்து, கேட்காமல் திரும்பினோம்.